அடுக்குத் தொடர் வளர்ந்த வரலாறு

நம் பிள்ளைகள் கல்லூரியில் அடியெடுத்து வைத்ததும் அவர்களை மிரட்டி நிற்கும் பாடங்களுள் நுண்கணிதம் ஒன்று. அதனுள்ளும் டெய்லர் தொடர், மக்லாரின் தொடர் என்னும் பகுதி வந்ததும் பலர் வாய்பாட்டை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மறந்துவிடுகின்றனர். சிலர் கணிதத்தையே விட்டு விலகிவிடுகின்றனர். 'இது நமக்கு வராத கலை' என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றிவிடுகிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை அத்தொடர்களின் வரலாறே காட்டும். அவற்றைக் கண்டவர் யாவர், எந்நிலையிலிருந்து கண்டனர், கண்ட பின் அவ்வறிவு எவர் கைக்குச் சென்றது, எவர் கைக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டது என்று வினவிப் பார்ப்போமானால், கணித வரலாறு சமுதாய வரலாறாகவும் விளங்கக் காண்போம். கல்விக்கென்றே தோன்றி இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இப்பொருள் இடம்பெறுவது பொருத்தமே.

அடுக்குத் தொடர் என்பது யாது?

நாம் அன்றாடம் எண்களை எழுதும் முறையிலிருந்தே தொடங்கலாம். 4375 என்று எழுதினால் அதன் பொருள் யாது? நான்கு ஆயிரம், மூன்று நூறு, ஏழு பத்து, ஐந்து ஒன்று ஆகியவற்றின் கூட்டுத் தொகை. அதாவது பத்தின் அடுக்குகளை வெவ்வேறு அளவில் எடுத்துக் கூட்டியிருக்கிறோம். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவின்றி நீளும். அதுவும் 3/10 + 3/100 + 3/1000 + … என்னும் தொடரே. முடிவில்லாமல் நீண்டாலும் அதன் மதிப்பு திட்டமானது. எத்தனை உறுப்புகளைக் கூட்டுகிறோமோ அத்தனைக்கு உண்மை மதிப்பை நெருங்குகிறோம்.

இப்போது பத்து என்னும் இடத்தில் மாறும் எண் ஒன்றை வைப்போம். மாறியை 'ம' என்று குறிப்போம். ம, ம², ம³ என்னும் அடுக்குகளைத் தக்க கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதே அடுக்குத் தொடர். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய மற்றோர் எண்ணைத் தரும் விதிக்குச் சார்பு என்று பெயர். சதுரத்தின் பக்கத்தைக் கொடுத்தால் பரப்பைத் தருவது எளிய சார்பு. கோணத்தைக் கொடுத்தால் சைன் மதிப்பைத் தருவது கடிய சார்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கு செயல்களை மட்டும் அறிந்தவர் அதை நேராகக் கணக்கிட இயலாது. அவருக்குக் கைகொடுப்பதே அடுக்குத் தொடர். சைன் ம என்பது ம − ம³/6 + ம⁵/120 − … என்று நீளும்.

சோதித்துப் பார்ப்போம். 30 பாகைக் கோணத்தை, ஆரத்தை அலகாகக் கொண்ட வில்லின் நீளமாக எழுதினால் 0.523599 ஆகும். அதன் மும்மடியை 6ஆல் வகுத்தால் 0.023925. ஐந்தாம் அடுக்கை 120ஆல் வகுத்தால் 0.000328. முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் 0.500002 வருகிறது. உண்மை மதிப்பு 0.5. மூன்றே உறுப்புகளில் இவ்வளவு நெருக்கம்! பள்ளிக் கணக்கு மட்டும் தெரிந்த ஒரு மாணவன் தன் கையாலேயே சைன் அட்டவணையைச் செய்துவிட முடியும்.

யாவற்றிலும் எளிய அடுக்குத் தொடர் பெருக்குத் தொடராகும். 1 + ம + ம² + ம³ + … என்பது 1/(1 − ம) என்னும் சார்பைக் குறிக்கும். ம = 1/2 எனில் 1 + 1/2 + 1/4 + 1/8 + … என்று கூட்டக் கூட்ட 2ஐ நெருங்கும்; 1/(1 − 1/2) என்பதும் 2 தான். ஆனால் ம = 2 எனில் இடப்பக்கம் 1 + 2 + 4 + 8 என்று வரம்பின்றிப் பெருக, வலப்பக்கமோ −1 என்று நிற்கும். தொடர் எங்கே ஒருங்கும், எங்கே சிதறும் என்னும் வினா இவ்வெளிய எடுத்துக்காட்டிலேயே எழுந்துவிடுகிறது. அவ்வினாவுக்கு முழு விடை காண உலகம் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேரளத்தில் பிறந்த தொடர்கள்

முடிவிலாத் தொடர்களால் சைன், கொசைன், வட்டத்தின் சுற்றளவு ஆகியவற்றை முதன்முதல் கணக்கிட்டவர்கள் கேரள அறிஞர்கள். சங்கமகிராமத்து மாதவன் என்பார் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவர். அவருடைய ஊர் இன்றைய இரிஞ்ஞாலக்குடாப் பகுதியைச் சார்ந்தது என்பர். தொடர்களைப் பற்றி அவரே எழுதிய நூல் கிடைக்கவில்லை. அவர்வழி வந்த மாணவர்களின் நூல்களாலேயே அவர் பெருமையை அறிகிறோம். நீலகண்ட சோமயாஜியின் 'தந்திரசங்கிரகம்' 1500ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. ஜ்யேஷ்டதேவரின் 'யுக்திபாஷை' 1530ஆம் ஆண்டையொட்டி மலையாள உரைநடையில் எழுதப்பெற்றது. வடமொழிச் செய்யுளில் விதியை மட்டும் சொல்லிச் செல்வது அக்கால வழக்கம். யுக்திபாஷையோ ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைப் பேச்சு மொழியில் படிப்படியாக விளக்கிச் செல்கிறது. இது அந்நூலின் தனிச்சிறப்பு.

அவ்விளக்கத்தின் சாரத்தை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. வட்டத்தைத் தொட்டு நிற்கும் தொடுகோடு ஒன்றைப் பல சிறு சமத் துண்டுகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு துண்டின் முனையையும் வட்ட மையத்தோடு இணைத்தால் வட்டத்தின் வில்லும் சிறு துண்டுகளாகிறது. ஆரம் 1 எனக் கொண்டால், தொடுபுள்ளியிலிருந்து ம தொலைவிலுள்ள தொடுகோட்டுத் துண்டை 1 + ம² என்பதால் வகுத்தால் அதற்குரிய வில்துண்டின் நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். இவ்வகுத்தலை நாம் மேலே கண்ட பெருக்குத் தொடராக விரிக்கின்றனர்: 1 − ம² + ம⁴ − ம⁶ + …. பின்னர் எல்லாத் துண்டுகளையும் கூட்டவேண்டும். அதற்கு இரண்டாம் அடுக்குகளின் கூட்டல், நான்காம் அடுக்குகளின் கூட்டல் என்பன தேவை. துண்டுகள் மிகப் பலவாகும்போது இக்கூட்டல்கள் முறையே மூன்றில் ஒரு பங்காகவும் ஐந்தில் ஒரு பங்காகவும் அமையும் என்பதை அவர்கள் நிறுவினர். ஆகவே வில்லின் நீளம் ம − ம³/3 + ம⁵/5 − ம⁷/7 + … என்று வந்தது. இன்று கல்லூரியில் தொகையீடு என்ற பெயரில் பயில்வதன் கரு இதுவே.

ம = 1 என்று கொண்டால் வட்டத்தின் எட்டில் ஒரு பகுதி கிடைக்கும். அதனால் பை என்னும் மாறிலியின் நான்கில் ஒரு பங்கு 1 − 1/3 + 1/5 − 1/7 + … ஆகிறது. இத்தொடர் அழகியது, ஆனால் மிக மெதுவாக ஒருங்குவது. ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397 என்றே வரும். மாதவ மரபினர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். மூன்றின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்து வரும் மதிப்பை மாறிக்கு இட்டால், பை = √12 × (1 − 1/9 + 1/45 − 1/189 + 1/729 − …) என்றாகும். இதில் ஐந்தே உறுப்புகள் 3.1426 என்னும் மதிப்பைத் தந்துவிடும். இவ்வழியே சென்று பையின் மதிப்பைப் பதினொரு தசம இடங்கள் வரை அவர்கள் துல்லியமாகக் கண்டனர். ஐரோப்பாவில் இத்தொடர்கள் அறியப்படுவதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த செயல் இது. இந்திய மண்ணில் பிறந்த எவரும் பெருமை கொள்ளத் தக்கது.

ஏடு மூடிக் கிடந்த கதை

பெருமை கொள்ளும்போதே ஒரு வினாவையும் எழுப்பியாக வேண்டும். இத்தகைய அறிவு பெற்றிருந்த நாட்டில் அது ஏன் பெருகிப் பரவவில்லை? காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் ஒரு காரணம் கண்முன் நிற்கிறது. அவ்வறிவு ஒரு சில இல்லங்களுக்குள், ஆசிரியர் மாணவர் பரம்பரைக்குள், பனையோலைகளில் அடங்கிக் கிடந்தது. அம்மரபினருள் பெரும்பாலோர் நம்பூதிரிகள். யுக்திபாஷையின் கருத்துகளை வடமொழியில் விரித்தெழுதிய சங்கர வாரியரும், ஜ்யேஷ்டதேவரின் மாணவரான அச்சுதப் பிஷாரடியும் கோயிற் பணி செய்த குலத்தினர். வட்டம் அவ்வளவில் நின்றது. வயலில் உழைத்த புலையரும் பறையரும் அவ்வில்லங்களின் வாசலை நெருங்கவே தடை இருந்தது. யுக்திபாஷை மக்கள் மொழியில் எழுதப்பட்டது உண்மை. அம்மொழியைப் பேசிய மக்களில் பெரும்பாலோர்க்கு எழுத்தறியும் உரிமையே இல்லை என்பதும் உண்மை.

1834இல் சார்லஸ் விஷ் என்னும் கம்பெனி அதிகாரியின் கட்டுரை ஒன்று இராயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மலபாரில் பணியாற்றிய அவர் தந்திரசங்கிரகம், யுக்திபாஷை, கரணபத்ததி, சத்ரத்னமாலை என்னும் நான்கு நூல்களில் முடிவிலாத் தொடர்கள் இருப்பதை எடுத்துக் காட்டியிருந்தார். கட்டுரை அச்சாகுமுன்னரே அவர் காலமாகிவிட்டார். அதன்பின் நூறாண்டுக் காலம் அச்செய்தியைப் பெரிதும் எவரும் பொருட்படுத்தவில்லை. 1940களில் கே. முகுந்த மாராரும், பின்னாளில் சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய சி. டி. ராஜகோபாலும் கட்டுரைகள் எழுதி இத்தொடர்களைக் கணித உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். யுக்திபாஷையின் கணிதப் பகுதி விளக்கக் குறிப்புகளோடு 1948இல் திருச்சூரில் அச்சேறியது. கே. வி. சர்மாவின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளிவந்தது. எழுதப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகே பொதுமக்கள் கைக்கு எட்டிய நூல் அது.

அதே மலையாள மண்ணின் தென்பகுதியில், திருவிதாங்கூரில், 1863ஆம் ஆண்டு வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளியின் வாழ்வையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். அவருக்கு எவரும் எழுத்துக் கற்பிக்கவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டு, புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று போராடினார். பிள்ளைகளுக்குப் பள்ளி மறுக்கப்பட்டபோது வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை உறுதி பூணச் செய்தார். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றதன் விளைவாகப் பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. வட்டத்தை அளந்த நாட்டில் அகரம் கற்க ஒரு சிறுமி பட்ட பாடு இது. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே படித்தால்தான் நம் நாட்டின் அறிவு வரலாறு முழுமை பெறும்.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது

கேரளத்துக் கருத்துகள் ஐரோப்பாவுக்குச் சென்றதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அங்குள்ளோர் தம் வழியில் அவற்றைக் கண்டனர். 1668இல் நிக்கோலசு மெர்க்கேட்டர் வெளியிட்ட நூலில் மடக்கைக்குரிய தொடர் காணப்படுகிறது: மடக்கை (1 + ம) = ம − ம²/2 + ம³/3 − ….

அவருக்கு முன்னரே, 1664-65ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஐசக் நியூட்டன் ஈருறுப்புத் தொடரைக் கண்டிருந்தார். நியூட்டன் பிறக்குமுன்னரே அவர் தந்தையார் இறந்துபோனார். தந்தையார் நிலம் உழுத குடியானவர். தம் பெயரையும் எழுத அறியாதவர். 1661இல் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்த நியூட்டன், வசதி படைத்த மாணவர்க்கு ஏவல் செய்து கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏழை மாணவர் வரிசையிலேயே சேர்ந்தார். அவ்வாறு பயின்றவரே 1 − ம என்பதன் வர்க்கமூலத்தை 1 − ம/2 − ம²/8 − ம³/16 − … என்று விரித்துக் காட்டினார். அதைத் தன்னாலேயே பெருக்கிப் பார்த்தபோது 1 − ம மட்டும் எஞ்சி, ஏனைய உறுப்புகள் யாவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. எண்களுக்குத் தசமம் எப்படியோ, மாறிகளுக்கு முடிவிலாத் தொடர் அப்படி என்பது அவர் கருத்து. நாம் தொடக்கத்தில் 4375ஐக் கொண்டு விளக்கியது இக்கருத்தையே.

ஆனால் நியூட்டனும் தம் கண்டுபிடிப்பை உடனே வெளியிடவில்லை. 1669இல் எழுதிய கட்டுரை 1711இல் தான் அச்சாயிற்று. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகோரி 1671இல் எழுதிய கடிதம் ஒன்றில் பல தொடர்களை அனுப்பினார். மாதவ மரபினர் கண்ட வில்லின் தொடரும் அவற்றுள் ஒன்று. அவற்றைக் கண்ட முறையைப் புத்தக வணிகர் ஒருவர் அனுப்பிய கடிதத்தின் பின்புறத்தில் கிறுக்கி வைத்திருந்தார். அக்குறிப்பின் பொருள் 1939இல் தான் உலகுக்குத் தெரிய வந்தது. 36 வயதிலேயே இறந்த அவர் தம் முறையை அச்சிட்டிருந்தால், டெய்லர் தொடர் இன்று கிரிகோரி பெயராலேயே வழங்கியிருக்கக் கூடும். மறைத்து வைத்த அறிவு எந்நாட்டிலும் உறங்கவே செய்யும் என்பதற்கு இதுவும் சான்று.

ஐரோப்பா முந்திச் சென்றமைக்குக் காரணம், அங்கே இத்தகைய தாமதங்களைக் கடந்தும் அச்சும் கடிதப் போக்குவரத்தும் அறிவைப் பொதுவாக்கியமையே. இலெய்ப்னிசு 1682இல் பையின் தொடரை ஆய்விதழில் வெளியிட்டார். புரூக் டெய்லர் 1715இலும், காலின் மக்லாரின் 1742இலும் பொது முறையை நூல்களில் வழங்கினர். 1748இல் ஆய்லர் எழுதிய நூல் அடுக்குத் தொடர்களைக் கணிதத்தின் அன்றாடக் கருவியாக்கியது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்க முடிந்தது.

டெய்லர் முறையின் உட்பொருள்

அம்முறையின் உட்பொருளை மாணவர்கள் மனப்பாடமின்றியே அறியலாம். ஒரு சார்பு பூச்சியத்தில் எத்தகையது என்று கேட்கிறோம். அதன் மதிப்பு என்ன? அது முதல் உறுப்பு. அங்கே அது எவ்வேகத்தில் மாறுகிறது? அது ம என்பதன் கெழு. அவ்வேகம் எவ்வேகத்தில் மாறுகிறது? அதை 2ஆல் வகுத்தால் ம²இன் கெழு. மூன்றாம் வகைக்கெழுவை 6ஆல் வகுத்தால் ம³இன் கெழு. ஏன் 6? ம³ என்பதை மும்முறை வகையீடு செய்தால் 3 × 2 × 1 = 6 என்று வருகிறது; அதைச் சமன் செய்யவே 6ஆல் வகுக்கிறோம். அவ்வளவே இரகசியம்.

சைனுக்குப் பூச்சியத்தில் மதிப்பு 0, வேகம் 1, இரண்டாம் வகைக்கெழு 0, மூன்றாவது −1. ஆகவே ம − ம³/6 என்று தொடங்குகிறது. தன் வேகமே தன் மதிப்பாக வளரும் சார்பு ஒன்றுண்டு. அதற்குப் பூச்சியத்தில் எல்லா வகைக்கெழுக்களும் 1. ஆகவே அதன் தொடர் 1 + ம + ம²/2 + ம³/6 + … ஆகும். ம = 1 என இட்டு ஏழு உறுப்புகளைக் கூட்டினால் 2.71806 வரும், உண்மை மதிப்பு 2.71828. ஒரே புள்ளியில் நின்றுகொண்டு சார்பின் தன்மையை முழுதும் உசாவினால், தொலைவில் அது எவ்வாறிருக்கும் என்று சொல்லிவிட முடிகிறது. இதுவே அடுக்குத் தொடரின் வியப்பு.

வரம்பு கண்டவர்கள்

ஆயினும் எல்லாச் சார்புகளும் இவ்வாறு பணிந்துவிடுமா? 1797இல் இலக்ராஞ்சு என்னும் பேரறிஞர், நுண்கணிதம் முழுவதையும் அடுக்குத் தொடர்களின் மீதே கட்டிவிடலாம் என்று நூல் எழுதினார். 1820களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் கோஷி அதை மறுத்தார். பூச்சியத்தில் எல்லா வகைக்கெழுக்களும் பூச்சியமாக இருந்தும், பிற இடங்களில் பூச்சியமாகாத சார்பு ஒன்றை அவர் காட்டினார். அதன் டெய்லர் தொடர் வெறும் பூச்சியம்; சார்போ பூச்சியமன்று. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணிதம் எதையும் ஏற்பதில்லை. ஓர் எதிர்க்காட்டு போதும். எத்துணைப் பெரிய பெயரும் வழிவிட்டாக வேண்டும்.

1826இல் நார்வே நாட்டு நீல்ஸ் ஆபெல், ஈருறுப்புத் தொடர் எப்போது ஒருங்கும் என்பதற்குச் செம்மையான விடை தந்தார். ஆபெலின் வாழ்வு நம் இளைஞர்கள் அறியவேண்டிய ஒன்று. 1820இல் தந்தையார் இறந்ததும் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. ஆசிரியர் ஹோல்ம்போ அவர் திறமையை அடையாளங் கண்டார். பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் தம் கைப்பொருளைத் தந்து அவரைப் படிக்க வைத்தனர். ஆயினும் நிலையான பதவி கிட்டாமலேயே, காசநோயால், 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் 26ஆம் வயதில் ஆபெல் மறைந்தார். பெர்லினில் அவருக்கு வேலை உறுதியாயிற்று என்னும் கடிதம் இரண்டு நாள் கழித்து எழுதப்பட்டது. ஏழை மாணவனுக்குக் காலத்தில் செய்யும் உதவியின் அருமையையும், காலந்தாழ்ந்து வரும் உதவியின் பயனின்மையையும் ஒருங்கே உணர்த்தும் வாழ்வு அது.

ஒருங்கும் எல்லை பற்றிய ஒரு புதிரும் இக்காலத்தில் தெளிவாயிற்று. 1/(1 + ம²) என்னும் சார்பு எந்த மெய்யெண்ணுக்கும் இடறுவதில்லை. ஆனால் அதன் தொடராகிய 1 − ம² + ம⁴ − … என்பது மாறி ஒன்றைக் கடந்ததும் சிதறிவிடுகிறது. காரணம் மெய்யெண் கோட்டில் இல்லை. கலப்பெண் தளத்தில் இருக்கிறது. −1இன் வர்க்கமூலத்தை இட்டால் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடும். அவ்விடம் பூச்சியத்திலிருந்து ஓரலகு தொலைவில் உள்ளது. தொடர் ஒருங்கும் பரப்பு ஒரு வட்டம்; அதன் ஆரத்தைத் தீர்மானிப்பது கண்ணுக்குப் புலப்படாத அத்தடையே. தடை வெளியே தெரியாமலிருந்தும் வழியை மறிக்கலாம் என்பதை நம் சமுதாயத்தார்க்குக் கணிதம் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தடை எங்கே உள்ளது என்று துல்லியமாகக் காட்டும் ஆற்றலைக் கணிதத்திடம் கற்றுக்கொள்ளலாம்.

பள்ளி ஆசிரியரும் வாசல் மறுக்கப்பட்ட மாணவியும்

அடுக்குத் தொடரை அடித்தளமாக்கிச் சார்புக் கொள்கையை எழுப்பியவர் காரல் வயர்ஷ்ட்ராசு. 1815இல் பிறந்த அவர் பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பின்னர்ப் பிரஷ்யாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆசிரியராயிருந்தார். கணிதத்தோடு உடற்பயிற்சியும் கையெழுத்துப் பயிற்சியும் கற்பித்தார். இரவில் விழித்திருந்து ஆய்வு செய்தார். 1854இல் வெளியான கட்டுரையால் புகழ் பெற்று 1856இல் பெர்லின் சென்றார்.

1870இல் அவரை நாடி வந்தார் உருசியப் பெண் சோபியா கோவலெவ்ஸ்கயா. சிறு வயதில் அவருடைய அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த தாள்கள் நுண்கணிதச் சொற்பொழிவின் குறிப்புகள்; பொருள் தெரியாமலே அவற்றை நெடுநேரம் உற்றுநோக்கி வளர்ந்தவர் அவர். பெர்லின் பல்கலைக்கழகம் பெண்ணென்ற காரணத்தால் அவரை வகுப்பில் அமர விடவில்லை. வயர்ஷ்ட்ராசு நான்காண்டுகள் அவருக்குத் தனியே பாடம் சொன்னார். வகைக்கெழுச் சமன்பாடுகளின் தீர்வு எந்நிலையில் ஒருங்கும் அடுக்குத் தொடராக அமையும் என்பதைச் சோபியா நிறுவினார். வெப்பம் பரவுவதற்குரிய சமன்பாட்டில் தொடர் எழுத முடிந்தும் அது ஒருங்காமற் போகலாம் என்று எடுத்துக் காட்டித் தம் ஆசிரியரையே வியக்க வைத்தார். 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அதன் பின்னும் பல ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. 1889இல் ஸ்டாக்ஹோமில் நிலையான பேராசிரியரானார். கோஷி-கோவலெவ்ஸ்கயா தேற்றம் என்று அவர் பெயர் இன்றும் நிற்கிறது. பிறப்பைக் காட்டி வாசலை அடைத்தவர்களின் பெயர்களை எவர் நினைவில் கொண்டுள்ளார்?

இளைஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று. அறிவு எக்குலத்திலும் பிறக்கலாம்; பொதுவானால்தான் வளரும். மாதவ மரபின் பேரறிவு இல்லங்களுக்குள் அடங்கியதால் நானூறு ஆண்டுகள் உறங்கியது. கிரிகோரியின் முறை கடிதத்தின் முதுகில் கிடந்து மறைந்தது. அச்சேறிய கருத்தோ ஏழைப் பாதிரியாரின் மகனுக்கும், பட்டமில்லாப் பள்ளி ஆசிரியருக்கும், வகுப்பில் இடம் மறுக்கப்பட்ட பெண்ணுக்கும் எட்டி, அவர்கள் கையால் முன்னிலும் உயர்ந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாத் நகரின் பொதுக்குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். குளம் எல்லார்க்கும் உரியது என்று செயலால் அறிவித்தார். கல்வியும் அத்தகைய பொதுக்குளமே. அதில் கணிதம் என்னும் துறையை மட்டும் நாம் இறங்காமல் விட்டுவிடலாகாது.

கணிப்பொறியும் அடிப்படையில் கூட்டல் பெருக்கல் போன்ற எளிய செயல்களையே அறியும். சைனையும் மடக்கையையும் அது அடுக்குத் தொடர்களாலும் அவற்றின் வழிவந்த முறைகளாலும் கணக்கிடுகிறது. பொறியியலும் இயற்பியலும் இவற்றின்றி ஓரடியும் நகரா. ஆதலின் இது வெறும் தேர்வுப் பாடமன்று. பிழைப்புக்கும் உயர்வுக்கும் வழி திறக்கும் சாவி. நம் சங்கத்தின் மாலை வகுப்புகளிலும் விடுதிகளிலும் பயிலும் பிள்ளைகள் வாய்பாட்டை ஒப்புவிப்பதோடு நின்றுவிடாமல், 'ஏன்' என்று கேட்கப் பழக வேண்டும். முன்னே கற்றவர் பின்னே வருபவர்க்குக் காரணத்தோடு விளக்கிச் சொல்லவேண்டும். தெரிந்ததை மறைத்து வைப்போர் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடலாகாது.

அடுக்குத் தொடரில் எந்த ஓர் உறுப்பும் தனித்து நின்று முழு மதிப்பைத் தருவதில்லை. பின்வரும் உறுப்புகள் மிகச் சிறியனவாயினும், அவை சேரச் சேரத்தான் தொடர் உண்மையை நெருங்குகிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கத்துக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தவரும், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தவரும், ஒரு மாலைப் பொழுதில் பாடம் சொன்னவரும் அத்தகைய உறுப்புகளே. அடுத்த உறுப்பைச் சேர்க்கும் பொறுப்பு இன்று பயிலும் இளைஞர்களுடையது.